செங்குத்துக் குதிப்பும் விசையும்: சாக்கட்டி, தராசு, கைப்பேசி கொண்டு கற்றுக்கொள்ள முழுமையான வழிகாட்டி

பூப்பந்தில் ஜம்ப் ஸ்மாஷ், செபாக் தக்ராவில் வலைக்கு மேலே எழும்பி அடிக்கும் உதை, பள்ளி வலைப்பந்தில் 3.05 மீட்டர் உயர வளையத்தடியில் பந்துக்காகத் தாவுவது என்று எதை எடுத்தாலும், கடைசியில் பிள்ளை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதில்தான் வந்து நிற்கும். கோலாலம்பூரில் எந்தச் சமூக மண்டபத்துக்குள் மாலையில் நுழைந்தாலும் “பவர் போடு, பவர் போடு!” என்ற குரல் கேட்கும். அந்தப் பவரை எப்போது போடுவது, எவ்வளவு நேரம் போடுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

மலேசியப் பள்ளிகளின் படிவம் 4 இயற்பியலில் உந்தம், கணத்தாக்கு என்று சில பக்கங்கள் வரும். பெரும்பாலான மாணவர்கள் அதை எஸ்.பி.எம். என்ற அரசுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். குதிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதை உங்கள் சொந்தக் காலில் அளந்து பார்க்கக் கற்றுத் தருவதே இந்த வழிகாட்டி. பெற்றோர், பள்ளி விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர், தானாகப் பயிற்சி செய்யும் இளைஞர் என யாரும் செய்யலாம்.

தேவையான பொருட்கள்: ஊசி வைத்த பழைய வகை எடைத் தராசு, சாக்கட்டி, அளவு நாடா, ஸ்லோ மோஷன் எடுக்கும் கைப்பேசி, ஒரு நோட்டு. கூடமாட உதவ ஓர் ஆள் இருந்தால் வேலை சுலபம்.

முதல் படி: எடைக்கு மேலே உள்ள விசையைக் கணக்கிடுங்கள்

நாம் தரையைக் கீழே தள்ளுகிறோம், தரை நம்மை அதே அளவு மேலே தள்ளுகிறது. நியூட்டன் 1687-இல் எழுதிய மூன்றாம் விதி அது. ஆனால் தரை தரும் விசை முழுவதும் நம்மைத் தூக்கிவிடாது. சும்மா நிற்கும்போதே நம் எடைக்குச் சமமான விசையைத் தரை தந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் நாம் எழும்புவதில்லையே. எடையைத் தாங்கியது போக மிஞ்சும் விசைதான் உடலுக்கு வேகம் கொடுக்கிறது. இதை நிகர விசை என்போம்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று வைத்தால் அவருடைய எடை 588 நியூட்டன். அவர் 40 செ.மீ. எழும்ப வேண்டும். அதற்குத் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் அவருக்கு வினாடிக்கு 2.8 மீட்டர் வேகம் வேண்டும். வேகத்தை வேகத்தால் பெருக்கி, 9.8-இன் இரு மடங்கான 19.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.40 மீட்டர் வரும். 60 கிலோவை 2.8 மீட்டர் வேகத்தால் பெருக்கினால் வரும் உந்தம் 168. அந்த 168-ஐத் தர வேண்டியது நிகர விசையும் அது வேலை செய்யும் நேரமும் சேர்ந்த பெருக்கல், அதாவது கணத்தாக்கு. மேல்நோக்கித் தள்ளும் நேரம் கால் வினாடி என்றால், சராசரி நிகர விசை 672 நியூட்டன் வேண்டும். எடையையும் சேர்த்தால் 1,260 நியூட்டன். அதாவது தன் எடையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

இந்த ஒரு கணக்கை உங்கள் எடையைப் போட்டு ஒருமுறை செய்து பாருங்கள். இனி வரும் ஒவ்வொரு படியும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு சின்னத் தகவல். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் கோலாலம்பூரில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78. துருவத்தை நெருங்க நெருங்க அது கூடும். ஆனால் 40 செ.மீ. குதிப்பில் இதனால் வரும் வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அதனால் 9.8 என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தராசு மேல் நின்று விசையைப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். புத்தகத்தில் படித்துப் புரியாதது இங்கே கண்ணுக்கு நேரே தெரியும்.

தராசைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள், கம்பளத்தில் வேண்டாம். டிஜிட்டல் தராசு எண் நிலைப்படும் வரை காத்திருப்பதால் இதற்கு உதவாது, ஊசி வைத்ததுதான் வேண்டும். மேலே ஏறி அசையாமல் நில்லுங்கள். ஊசி 60-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சட்டென்று முட்டியை மடக்கி, பாதியில் நிறுத்துங்கள். குதிக்க வேண்டாம், ஸ்பிரிங் கெட்டுப்போகும், தராசு வழுக்கினால் கணுக்காலும் போகும். ஊசி முதலில் 60-க்குக் கீழே விழும், பிறகு 60-ஐத் தாண்டி மேலே ஏறும், அப்புறம் ஆடி அடங்கி 60-க்கே திரும்பும்.

உதவிக்கு வந்தவரிடம் ஊசியும் இடுப்பும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஸ்லோ மோஷனில் பிடிக்கச் சொல்லுங்கள். படத்தை மெதுவாக நகர்த்தி, ஊசி 60-ஐத் தாண்டும் இடத்தைத் தேடுங்கள். அந்த நேரத்தில் இடுப்பு இன்னும் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கும்! விசை எடையைத் தாண்டிய உடனே உடம்பு மேலே கிளம்பிவிடும் என்றுதான் நம் மனம் நினைக்கும், மாணவர்களும் தேர்வில் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் விசை எடைக்குச் சமமாகும் கணத்தில்தான் உடம்பு மிக வேகமாகக் கீழே இறங்குகிறது. அதற்கு மேல் வரும் விசை முதலில் அந்த இறக்கத்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தி முடித்த பிறகு வருவது மட்டுமே மேலே தூக்கும்.

ஊசிக்கும் சொந்தமாக ஒரு தாமதம் உண்டு. அதனால் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். விளையாட்டு அறிவியல் ஆய்வகங்களில் இதற்கென்றே விசைத்தட்டு வைத்திருப்பார்கள். அது வினாடிக்கு ஆயிரம் முறை அளந்து வரைபடமாகக் காட்டும். அந்த வரைபடம் கையில் கிடைத்தால் இப்படிப் படியுங்கள்: எடைக்கோட்டுக்குக் கீழே ஒரு பள்ளம், பிறகு கோட்டுக்கு மேலே ஒரு மலை, கடைசியில் கால் தரையை விட்டதும் பூஜ்யம். பள்ளத்தின் பரப்பளவுக்குச் சமமான பகுதியை மலையின் இடப்பக்கத்திலிருந்து கழித்துவிடுங்கள். அது இறக்கத்தை நிறுத்தச் செலவானது. மீதி இருக்கும் பரப்பளவுதான் உங்கள் குதிப்பு. மலையின் உச்சி எவ்வளவு உயரம் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூன்றாம் படி: சுவரில் அளவு எடுங்கள்

ஹார்வர்டில் உடற்பயிற்சிக்கூடத்தை நடத்திய டட்லி சார்ஜெண்ட் 1921-இல் எழுதிவைத்த சோதனை இது, நூறு ஆண்டு கடந்தும் பயன்பாட்டில் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத் தூண் போதும். விரல் நுனியில் சாக்கட்டித் தூளைத் தடவி, பாதம் முழுவதும் தரையில் படிய நின்று, கையை முழுதாக நீட்டி ஒரு குறி வையுங்கள். பிறகு குதித்து, உச்சியில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள்.

நின்று குறி வைக்கும்போது தோளைச் சுருக்கிக்கொண்டால் குதிப்பு பொய்யாகக் கூடிவிடும். பிள்ளைகள் தெரியாமலே செய்வது இது. தோள் காதைத் தொடும் வரை நீட்டச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கைப்பேசியில் காற்றில் இருக்கும் நேரத்தை அளங்கள்

கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியைத் தரையோடு தரையாக வைத்து, காலணி மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி எடுங்கள். இரண்டு கைகளும் இடுப்பில் இருக்கட்டும். கால்விரல் நுனி தரையை விடும் படத்திலிருந்து, திரும்பத் தரையைத் தொடும் படம் வரை எண்ணுங்கள்.

130 படம் வந்தது என்றால் 240-ஆல் வகுக்க 0.542 வினாடி. அதை அதாலேயே பெருக்கி, 122.5-ஆல் மறுபடி பெருக்குங்கள். 36 செ.மீ. வரும். இந்த 122.5 எங்கிருந்து வந்தது? காற்றில் இருக்கும் நேரத்தில் பாதி ஏறுவதற்கு, பாதி இறங்குவதற்கு. அந்தப் பாதியை விழும் தூரச் சூத்திரத்தில் போட்டால் 9.8-ஐ 8-ஆல் வகுத்த எண் கிடைக்கும், அதைச் செ.மீ.க்கு மாற்றினால் 122.5.

எண்ணுவதில் ஒரு படம் தவறினால் அரை செ.மீ. மாறும், பரவாயில்லை. ஆனால் வினாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு படம் தவறினாலே நாலரை செ.மீ. போய்விடும். அதை வைத்துக்கொண்டு “முன்னேறிவிட்டான்” என்று சொல்ல முடியாது. இன்னொன்று, தரையைத் தொடும் முன் முட்டியை மடக்கிக்கொண்டால் காற்றில் இருக்கும் நேரம் நீளும், உயரம் கூடியது போலத் தெரியும். கிளம்பிய மாதிரியே காலை நீட்டி, விரல்நுனி முதலில் படும்படி இறங்கி, அதன் பிறகுதான் மடக்க வேண்டும்.

சுவர் அளவும் கைப்பேசி அளவும் ஒத்துப்போகாது, பயப்பட வேண்டாம். சுவரில் குதிகால் தரையில் படிந்த நிலையிலிருந்து அளக்கிறோம். கைப்பேசியிலோ, நுனிக்காலில் எழும்பிக் கிளம்பிய பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. கைவீச்சும் சுவரில் மட்டுமே இருக்கிறது. அதனால் சுவர் எண் எப்போதும் பெரிதாகத்தான் வரும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள், கலக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மூன்று வகையாகக் குதித்து ஒப்பிடுங்கள்

நன்றாக உடம்பைச் சூடேற்றிவிட்டு, ஒவ்வொரு வகையிலும் சில முறை குதித்து, கைப்பேசியில் அளந்து, நன்றாக வந்ததை எழுதுங்கள்.

முதல் வகை, முட்டியை மடக்கிக் கீழே போய், அங்கேயே மூன்று வினாடி அசையாமல் இருந்து, கொஞ்சம்கூடக் கீழே இறங்காமல் மேலே குதிப்பது. கை இடுப்பில். இரண்டாம் வகை, நின்ற நிலையிலிருந்து சட்டென்று இறங்கி, நிற்காமல் குதிப்பது. இதிலும் கை இடுப்பில். மூன்றாம் வகை, இரண்டாவது போலவே, ஆனால் கையைப் பின்னாலிருந்து வீசிக்கொண்டு.

இரண்டாம் வகை முதல் வகையைவிடப் பொதுவாகச் சில செ.மீ. கூடும். காரணம் தராசில் பார்த்தோமே, அதுதான். அசையாமல் கீழே காத்திருப்பவர் மேலே கிளம்பும்போது தரை தரும் விசை அவருடைய எடை அளவுதான். அங்கிருந்து மேலே ஏற்றியாக வேண்டும், அதற்குள் நேரம் ஓடிவிடும். இறங்கிக் குதிப்பவரோ, இறக்கத்தை நிறுத்தும்போதே விசையை எடையைப் போல இரண்டு மடங்கு அளவுக்கு ஏற்றிவைத்திருப்பார். மேல்நோக்கிய பயணத்தின் முதல் அங்குலத்திலேயே முழு விசையும் தயாராக இருக்கிறது. தசைநாண் இழுபட்டுச் சேமித்த ஆற்றலும் இதில் கொஞ்சம் உதவுகிறது.

கைவீச்சு இன்னும் பத்து சதவீதம் அளவுக்கோ அதற்கு மேலோ கூட்டும். கையை மேலே எறியும்போது உடம்பு கீழே அழுத்தப்படுகிறது. கால் விரிவது சற்று மெதுவாகி, தசைக்குக் கூடுதல் விசை தர வாய்ப்புக் கிடைக்கிறது. மெதுவாகச் சுருங்கும் தசை அதிக விசை தரும், வேகமாகச் சுருங்கும் தசை குறைந்த விசைதான் தரும் என்பதை ஆர்ச்சிபால்ட் ஹில் தவளைத் தசையில் அளந்து 1938-இல் வெளியிட்டார். குதிப்புப் பயிற்சி முழுவதும் விசையையும் வேகத்தையும் இணைக்கும் அந்த ஒரு வளைகோட்டின் மேல்தான் நடக்கிறது.

ஆறாம் படி: எவ்வளவு ஆழம் இறங்குவது?

பயிற்சியின்போது அடிக்கடி வரும் கேள்வி: “சார், ரொம்ப கீழே போனா டைம் வேஸ்ட் ஆகாதா?” நல்ல கேள்வி. பதிலைக் கணக்கே சொல்லட்டும்.

அதே 60 கிலோ ஆள், கொஞ்சமாக மடக்கி வெடுக்கென்று குதிக்கிறார். சராசரி நிகர விசை 900 நியூட்டன், தள்ளிய நேரம் 0.16 வினாடி என்று வைப்போம். பெருக்கினால் 144. வேகம் 2.4 மீட்டர், உயரம் 29 செ.மீ. முதல் படியில் பார்த்தது 672 நியூட்டன், 0.25 வினாடி, 168, 40 செ.மீ. விசை குறைவு, உயரம் அதிகம்! மழையில் நின்றுபோன காரைத் தள்ளுபவரைப் பாருங்கள். ஒரே இடி இடித்துவிட்டு நிற்பவரைவிட, கையை எடுக்காமல் கூடவே ஓடித் தள்ளுபவர்தான் காரை நகர்த்துகிறார்.

அதற்காக ஆழம் கூடக் கூட உயரமும் கூடிக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகவும் ஆழமாகப் போனால் முட்டியும் இடுப்பும் தசை பலமாகத் தள்ள முடியாத கோணத்துக்குப் போய்விடும், நேரம் கூடியும் விசை விழுந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆழம் இருக்கிறது. லேசாக, நடுத்தரமாக, ஆழமாக என்று மூன்று மட்டத்தில் குதித்து, கைப்பேசியில் அளந்து, உங்களுடையதைக் கண்டுபிடியுங்கள்.

இங்கே விளையாட்டையும் யோசிக்க வேண்டும். ஜம்ப் ஸ்மாஷுக்குப் பந்து காத்திருக்காது, அதனால் பூப்பந்து ஆட்டக்காரர் கொஞ்சம் உயரத்தை விட்டுக்கொடுத்தாவது ஆழம் குறைத்துச் சீக்கிரம் எழும்பத்தான் வேண்டும். சுவரில் சாதனை படைக்கும் பிள்ளை களத்தில் தாமதமாக எழும்புவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுங்கள்.

ஏழாம் படி: பள்ளிப்பையோடு ஒரு சோதனை

5 கிலோ புத்தகம் நிரம்பிய பையை முதுகில் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, வாரைக் கையால் பிடித்தபடி குதியுங்கள். முதல் படியில் நம் 60 கிலோ ஆள் தள்ளிய தூரம் 35 செ.மீ. (சராசரி வேகம் 1.4 மீட்டர், நேரம் கால் வினாடி). அதே 1,260 நியூட்டனை அதே தூரத்துக்குத் தள்ளினால், 40 செ.மீ. குதிப்பு 34-க்கு இறங்க வேண்டும். நிஜத்தில் அவ்வளவு இறங்காமல் போகலாம். சுமை கூடியதும் கால் மெதுவாக விரியும், மெதுவான தசை கூடுதல் விசை தரும். ஹில் சொன்னதை முதுகில் சுமந்து பார்ப்பது இதுதான்.

இதைச் செய்து பார்த்த பிள்ளைகள் உடனே “அப்போ எடையைக் குறைக்கணுமா?” என்று கேட்பார்கள். வளரும் வயதில் உணவைக் குறைத்து எடை இறக்க வேண்டாம். தசைக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் விசையும் சேர்ந்து இறங்கும்.

எட்டாம் படி: அளந்ததை வைத்துப் பயிற்சியை முடிவு செய்யுங்கள்

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வகையும் இரண்டாம் வகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இறக்கத்தை வேகமாக நிறுத்தித் திருப்பும் பழக்கம் இல்லை என்று பொருள். சின்னச் சின்னத் துள்ளல், கயிறாட்டம், தாழ்ந்த படியிலிருந்து இறங்கி உடனே குதிப்பது ஆகியவை உதவும். இரண்டும் தாழ்வாக இருந்தால் அடிப்படைப் பலமே போதவில்லை. குதிப்பைக் குறைத்து ஸ்குவாட், படியேற்றம், குதிகால் தூக்கல் செய்யுங்கள். கைவீச்சு எதையும் கூட்டவில்லை என்றால் அது நல்ல செய்தி. காலில் பலம் ஏற்றுவதைவிடக் கையின் நேரத்தைத் திருத்துவது சீக்கிரம் முடியும். இவை அனுபவ வழிகாட்டல்தான், மருந்துச் சீட்டு இல்லை.

ஆரம்பிப்பவருக்கு வாரம் இரண்டு நாள் போதும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். ஒரு சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து குதிப்பு, சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு, மூன்று நான்கு சுற்று. களைத்துப்போய் மூச்சு வாங்கக் குதிக்கும் ஐம்பதாவது குதிப்பு, மெதுவாகத் தள்ளத்தான் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும்.

பத்துமலையின் 272 படிகளை ஓடி ஏறினால் குதிப்பு கூடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏறுங்கள், நெஞ்சுக்கும் மூச்சுக்கும் மிக நல்லது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கால் தருவது எடையைச் சற்றே தாண்டிய விசைதான், அதுவும் நூற்றுக்கணக்கான முறை. குதிப்புக்கு வேண்டியது கால் வினாடிக்குள் இரண்டு மடங்கு. குதிப்புப் பயிற்சிக் கணக்கில் அதை எழுத வேண்டாம்.

இறங்குவதைப் பற்றி

இதை எட்டுப் படியிலும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், தனியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் முட்டி இங்கேதான் கெடுகிறது. 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் 60 கிலோ உடம்பு, காலை விறைப்பாக வைத்து 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், தரை தரும் சராசரி விசை எடையைப் போல 9 மடங்கு, ஏறக்குறைய 5,300 நியூட்டன். முட்டியையும் இடுப்பையும் மடக்கி 20 செ.மீ. தூரம் எடுத்துக்கொண்டால் 3 மடங்கு, 1,760 நியூட்டன். அதே உயரம், அதே உடம்பு. மடக்கும் தூரம் மட்டுமே மாறியது.

கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். “டப்” என்று கேட்டால் விறைப்பாக இறங்குகிறார். முட்டி உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று இடிக்க வருகிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள், அதிலும் வளரும் பெண்பிள்ளைகளிடம். கார் நிறுத்துமிடத்தின் சிமெண்டில் நிறையக் குதிக்க வேண்டாம். மரத்தளம் போட்ட மண்டபமோ ரப்பர் தளமோ கிடைத்தால் அங்கே போங்கள். சாயங்கால மழைக்குப் பிறகு ஈரத் தரையில் குதிக்கவே கூடாது.

முட்டிச் சில்லுக்குக் கீழே வலி வந்து ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை என்றால், அல்லது வளரும் பிள்ளைக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், குதிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். வலியோடு குதித்துப் பழக்குவது பலம் இல்லை.

மறுபடி அளப்பது

நான்கு வாரம் கழித்து, அதே நேரம், அதே காலணி, அதே தரை, அதே கைப்பேசி. முந்தைய நாள் கடும் பயிற்சி வேண்டாம். ஓரிரு செ.மீ. வித்தியாசம் ஒரே நாளில், ஒரே ஆளிடம்கூட வரும், அதை முன்னேற்றம் என்றும் எழுதாதீர்கள், சரிவு என்றும் எழுதாதீர்கள். மூன்று வகைக் குதிப்பில் எது மாறியது, எது மாறவில்லை என்று பாருங்கள். முதல் வகை மட்டும் கூடியிருந்தால் பலம் வந்திருக்கிறது, திருப்பும் வேகம் இன்னும் வரவில்லை. அடுத்த நான்கு வாரத்துக்குத் துள்ளல்களைக் கூட்டி, ஸ்குவாட்டை ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.